முறிந்த பட்டை

ஆரணியிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குச் சரக்கு ஏற்றிப்போக என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. முன்பு அதை ஓட்டியவர் சந்தவாசல்காரர். ஆறு வருடம் என்னிடம் இருந்தார். அவர் வேலையை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம்.

நெசவாளர் ஒருவர் பெரணமல்லூருக்கு வீடு மாறினார். அவருடைய தறியையும், புடவையில் பூ விழவைக்கும் ஜக்கார்ட் பெட்டியையும் எங்கள் வண்டியில் ஏற்றியிருந்தோம். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் வண்டி இடப்பக்கம் சாய, கயிறு அறுந்து பெட்டி சாலையில் விழுந்து நசுங்கியது. தகவல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது நெசவாளர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேகமா வரலண்ணா. பின்னாடி எடது பக்கம் இழுத்துகினே இருக்குதுன்னு சொன்னேனே" என்றார் டிரைவர்.

இரண்டு முறை சொல்லியிருந்தார். வண்டியை ஒரு நாள் நிறுத்த மனமில்லாமல் நான்தான் தள்ளிப்போட்டேன். ஆனால் நெசவாளர் முன்னால் என் வாயில் வேறு பேச்சு வந்தது.

"போன்ல பேசிகினு ஓட்டினா இப்டித்தான் ஆவும்."

அவர் போனில் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. டிரைவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

அதன் பிறகு நானே ஓட்டினேன். காலி வண்டிகூட இடப்பக்கம் இறங்கி நிற்பது பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அப்போதும் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. பிரித்துப் பார்த்தால் என்ன தெரியவருமோ என்ற பயம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். பல மாதம் கழித்து, ஒரு வேகத்தடையில் பின்பக்கம் மடாரென்று தட்டி டயர் உரச ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் போனது.

பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, துருப்பிடித்த போல்ட்டுகளை கேஸ் வைத்து அறுத்து, இடப்பக்கத்தில் சுமை தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கோடு கீழே இறக்கினார். மேல் பட்டை இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து என்னிடம் காட்டினார்.

"பளபளன்னு இருக்குதே இந்தப் பாதி, இது இப்ப ஒடஞ்சது. அந்தப் பாதி உள்ள வரைக்கும் துரு ஏறிக்கீது பாருங்க. அது வெடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது."

"அப்பவே வண்டி இழுத்திருக்குமா?"

"இழுக்காம? லோடோட வளைவுல போனா படுத்துடும். கவுக்காம கொண்டாந்தாரே, உங்க பழைய டிரைவரு கெட்டிக்காரருதாங்க."

பட்டறைக்காரர் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபடி சாயும் என்று சொல்லி இரண்டு பக்கமும் புதுப் பட்டை, புஷ், போல்ட் எல்லாம் போட்டார். சாயங்காலம் வண்டி நேராக நின்றது. முறிந்த துண்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை சந்தவாசல் போனேன். டிரைவர் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டையைக் கையில் கொடுத்து, பட்டறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "தப்பு என்னுதுதான். அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

துரு ஏறிய பாதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"திரும்ப வர்றீங்களா?"

"இல்லண்ணா, இது நல்லா போவுது." பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எனக்கு முன்னாடியே தெரியும். தறிக்காரருக்குத்தான் தெரியாது. வழியில பாத்தா இன்னும் மூஞ்சிய திருப்பிகினு போறாரு."

அங்கிருந்து நேரே பெரணமல்லூர் போனேன். நெசவாளர் தறியில் இருந்தார். நான் பேசத் தொடங்கியதும் தறியை நிறுத்திவிட்டார். முழுவதையும் சொன்னேன். போனைப் பற்றிச் சொன்னது நானாக இட்டுக்கட்டியது என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு நம்பர் வச்சிகினு இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்லச் சொல்ல அவரே எண்களை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.