பள்ளிக்கூடச் சந்திப்பின் சைக்கிள் கோடு

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. நடுரோட்டில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒருத்தர் குனிந்து தாரைத் தடவிக்கொண்டிருந்தார். கேரியரில் இஸ்திரி போட்ட துணி மூட்டை. பின்னால் லாரி ஹாரன் அலறியது.

"என்னக்கா தொலைச்சீங்க?"

"ஒரு கோடு, தம்பி. போன வாரம் வரைக்கும் இங்கதான் கெடந்துச்சு."

அப்படித்தான் சலவைக்கடை அக்கா எனக்குப் பழக்கமானார். வண்டிகள் நிற்கும் கோட்டுக்கு முன்னால், சைக்கிள்காரர்கள் லாரிக்காரர் கண்ணில் படும்படி நிற்க இன்னொரு கோடு போடுவார்கள். துணி கொடுக்கப் போகிற வழியில் அந்தக் கோடுகளைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில் அக்கா புள்ளி வைப்பார். சம்பளமில்லை.

"வீட்டுச் சுவர்ல காரை உதிருது, இவ ரோட்டுக் கோட்டுக்கு மாரடிக்கிறா" என்பார் அக்காவின் கணவர்.

அக்காவின் மகள் எட்டாவது. போன் காட்டும் வழியில்தான் பள்ளிக்கு சைக்கிள் மிதிப்பாள். அக்கா புள்ளி வைக்கும் அதே வரைபடத்தை வைத்து, கோடு உள்ள சந்திப்பாகப் பார்த்து அனுப்பும் செயலி அது. இப்போது பள்ளிக்கூடச் சந்திப்பில் புதுத் தார் கோட்டை விழுங்கிவிட்டது. தரையில் இல்லாதது வரைபடத்தில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் சாலை அலுவலகம் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மறுபடி பெயிண்ட் அடிக்கும். புள்ளியை எடுத்தால் கோடு திரும்பாது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தத் தெம்பில் அக்காவோடு அலுவலகத்துக்குப் போனேன்.

"மேப்புல இருக்கா?" என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

"இருக்குங்க சார்."

"அப்ப வரும்."

"எப்பங்க?"

"வரும்போது வரும். டிகிரி படிச்சவர்தானே, இதுகூடத் தெரியாதா?"

வெளியே வந்து அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அன்றைக்கு மிதித்த தெருவெல்லாம் தெரிந்தது.

"புள்ளிய விட்டு வைங்கக்கா. என்னைக்காவது அடிச்சிருவாங்க."

"அதுவரைக்கும் இல்லாத கோட்டுல யாரு நிக்கிறது? எம் பொண்ணுதானே?"

போனை எடுத்தார். கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அழித்துவிட்டார்.

"போச்சு. வா தம்பி, டாக்டரம்மா வீட்டுத் துணி கசங்குது."

இன்றும் அந்தச் சந்திப்பில் கோடு இல்லை. மகள் முணுமுணுத்துக்கொண்டே, செயலி இப்போது காட்டுகிறபடி சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போகிறாள். அக்கா அதே சலவைக்கடையில் இருக்கிறார். துணி கொடுக்கப் போகும்போது, அந்த இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.