இரண்டு குளோரி

என் மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பி.டி. டீச்சர் எங்கேயோ விழுந்து எழும்பியிருக்கிறார் என்று பள்ளியில் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். விழவெல்லாம் இல்லை. குளோரி குத்தினாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அப்படிப்பட்டவளைத் தரவரிசையில் எனக்குக் கீழே போட்டால் எனக்கு எரியுமா, எரியாதா?

விஷயம் இதுதான். எங்கள் குத்துச்சண்டைக் கழகம் நாகர்கோவிலில் புது அரங்கம் கட்டியிருக்கிறது. திறப்புவிழா மலரில் போடுவதற்காக, இந்த மாவட்டத்தில் பெண்கள் கிளவுஸ் மாட்டத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஆடியவர்களை வரிசைப்படுத்த ஒரு குழு போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. செயலாளர் முத்துக்குமாரசாமி சார் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் ஒரு குத்து குத்தியதில்லை, ஆனால் கணக்கில் புலி. தங்கத்துக்கு இவ்வளவு, வெள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளி போட்டுக் கொண்டுவந்தார். முதலிடம் இப்போது ஆடுகிற தன்யாவுக்கு. எனக்கு மூன்றாவது. ஆறாவது ஆர். குளோரி. ஒன்பதாவது ஜே. குளோரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாரே, இது ரெண்டும் ஒரே ஆளு."

"இனிஷியல் வேற வேறயில்லா இருக்கு டீச்சர்?"

"அது அப்பா எழுத்து, இது மாப்பிள எழுத்து. கெட்டிக் குடுத்தா மாத்துவோம்லா? ஒங்க வீட்டம்மாவுக்கும் மாறித்தான இருக்கும்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு குளோரியின் புள்ளிகளையும் கூட்டினார். தன்யாவைத் தாண்டிவிட்டது.

குழுவில் இளையவன் விபின், இப்போதைய கோச். அவனுக்கு இது பிடிக்கவில்லை. "அந்தக் காலத்துல எதிர நிக்க ஆளே கெடையாது டீச்சர். நாலு பேரு வருவாங்க, ஒருத்திக்கு தங்கம். தன்யாவுக்க ஃபைட்டெல்லாம் வீடியோவில கெடக்கு. இவங்களுக்கு என்ன இருக்கு?"

"எனக்க மூக்கு இருக்குலே," என்றேன். "வந்து தொட்டுப் பாரு."

ஆள் கிடையாதுதான். அதனால்தான் அவள் தன்னைவிடக் கனமான பெண்களோடு மோதினாள், ஆம்பிளைப் பையன்களோடு பயிற்சி செய்தாள். பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அடிபிடிக்குப் போகிறாளே என்று சர்ச் சபையில் முணுமுணுத்தபோது நாங்கள் எல்லாம் பயந்து வீட்டில் இருந்தோம், அவள் போனாள். அவள் போய் வந்த பிறகுதான் எங்களை விட்டார்கள். தன்யா நல்ல ஆட்டக்காரி, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் திறந்த கதவு வழியாக வந்தவள். இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. விபின் அரைமனதாகத் தலையாட்டினான்.

சார் மட்டும் மசியவில்லை. "நீங்க அவங்களுக்குக் கூட்டுக்காரி. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா? பழைய சர்டிபிகேட் வேணும், இல்லைன்னா பெத்தவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். அவள் சர்டிபிகேட்டெல்லாம் அப்பா ரசலையன் வீட்டில் இருக்கிறது. கட்டின துணியோடு அந்த வீட்டைவிட்டு இறங்கினவள் அவள்.

ரசலையன் மாமா ஒரு காலத்தில் இப்படி இல்லை. முதல் போட்டிக்கு அவளை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு போனதே அவர்தான். "எனக்க பிள்ளைக்கு இடி கூடுதல் கேட்டியா," என்று கருங்கல் ஊர்ச் சந்தையில் நின்று பெருமையடிப்பார். பிறகு குளோரி இனயத்து ஜான்ரோஸைக் கட்டிக்கொண்டாள். கடப்புறத்துப் பையன், வேறு சபை, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். தங்கமான பையன். ஜே. குளோரி ஆடிய போட்டிகளிலெல்லாம் ரிங்குக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு அவன்தான் நிற்பான். மாமா அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவர், ஒக்கிப் புயலில் ஜான்ரோஸ் போன பிறகும் பேசவில்லை. அவன் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. பிள்ளையும் இல்லை. எழவு கேட்கக்கூட மாமா வரவில்லை.

குளோரி இப்போது கருங்கலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். நான் போய் விஷயத்தைச் சொன்னபோது சோப்பையும் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"முதலாவதா? சரி," என்றாள்.

"என்னட்டி சரி? நான் அங்க தொண்ட கிழியக் கத்திட்டு வாறேன். ஒனக்கு ஒண்ணும் தோணலியா?"

"ஒண்ணும் தோணல மக்கா. எல்லாம் மரத்துப் பெய்ட்டு. அழுகையும் வரமாட்டேங்கு, சந்தோசமும் வரமாட்டேங்கு. என்னத்தச் செய்ய?"

அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் எதுவும் இல்லை. அப்பாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று சொன்னேன். அவள் கை நின்றது. வரிசையில் நின்ற ஆள் செருமினான்.

"நானும் வாறேன்," என்றாள். "வரிசையெல்லாம் நீங்க எப்படி வேணும்னாலும் போடுங்க. அவரு என்னை இனியும் பிள்ளையா நெனைக்காரா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அது மட்டும் போதும்."

சனிக்கிழமை நானும் குளோரியும் சாரோடு அவர் காரில் போனோம். மாமா வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரைச் சுற்றிக்கொண்டிருந்தார். குளோரி காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்தாள். மாமா காரைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு ரோலரைத்தான் பார்த்தார்.

சார் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஐயா, ஆர். குளோரி, ஜே. குளோரின்னு ரெண்டு பேரு எங்க கணக்குல வருது. ரெண்டும் ஒரே ஆளுதானான்னு நீங்க சொல்லிட்டா போதும்."

மாமா ரோலரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஷீட் ரோலரைத் தாண்டி வெளியே வந்தது. அதைத் தூக்கி, தண்ணீர் வடிய உதறினார்.

"ஒருத்திதான். எனக்க மவதான்," என்றார். ஷீட்டைக் கொடியில் போட்டார். "ரெண்டு பேரும் எனக்குச் செத்தாச்சு. எழுதிட்டுப் போங்க."

"நீரெல்லாம் ஒரு மனுசனா ஓய்?" என்று நான் கத்திவிட்டேன். மாமா என்று அழைத்த வாயால்தான் கத்தினேன். அவர் திரும்பவில்லை. அடுத்த ஷீட்டை எடுத்து ரோலரில் வைத்தார்.

சார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காரில் ஏறினதும் பின்பக்கம் திரும்பி, "வாழ்த்துகள்மா, இனி ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. முதலிடம் உங்களுக்குத்தான்," என்றார். ஒரு குத்து விட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

குளோரி தலையை ஆட்டினாள். கருங்கல் வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடை வாசலில் கார் நின்றதும் கதவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"எனக்க மவதான்னு சொன்னாரு, கேட்டியா?"

"கேட்டேன் மக்கா," என்றேன். மற்றதையும் கேட்டிருந்தேன். அவளும் கேட்டிருப்பாள்.