அவள் பேச வேண்டும் என்றுதான் கேட்டேன்

பெரியவளே, சின்னவளே, இதில் உங்கள் பெயர்களை எழுதமாட்டேன். ஏன் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். நம்மை அறியாத பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். பெரியவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்ன நடந்துச்சுன்னு எழுதிக்கோப்பா. எதனாலன்னு எழுதாத" என்றாள். எப்படியம்மா எழுதுவேன்? எதனால் என்பது எனக்கே இன்றுவரை தெரியாது.

பிள்ளைகளே, நாங்கள் பெருங்களத்தூரில் இருக்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவன். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். இவர்கள் அம்மா குவைத்தில் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

போன வருடம் பெரியவள் பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சை நெருங்கும்போது அவள் பேச்சு குறைந்தது. சண்டை இல்லை, கோபம் இல்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், பள்ளிக்கூடம் போகமாட்டாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல". போன்தான் காரணம் என்று நினைத்து, அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு அந்த "ஒண்ணுமில்ல"வும் நின்றுபோனது.

பயந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி ஜெபம். எங்கள் சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் பெயர் சொல்லி ஜெபக் குறிப்பு கொடுப்போம். நானும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவள் பெயர், அவள் சாப்பிடாதது, பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவது எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து காய்கறிக் கடையில் நின்றோம். சபையிலுள்ள ஒரு அக்கா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"இன்னா கண்ணு, இன்னும் சாப்புடலியாமே? பாத்ரூம்ல பூந்துகினு அழுவுறியாமே? அப்பா பேசுனத கேட்டு எனக்கே பேஜாரா பூட்ச்சு."

பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவள்.

என் மகள் கையை விடுவித்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். அதன்பின் நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

அந்த நாட்களில் என்னைப்போல் தனியாக இருந்தவன் யாரும் இருந்திருக்கமாட்டான். கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர், யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. மனைவி போன் செய்தால் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று பொய் சொன்னேன். மறைமலை நகர் போகிற வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையே கேட்டேன். ஆண்டவரே, இவள் பேச வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தேன். அவளே எழுந்து வந்து நின்றாள்.

"அப்பா, போன் வேணும். ஸ்கூல்ல ஒரு சாட் நம்பர் குடுத்திருக்காங்க. எங்க வயசு பசங்களுக்குன்னே கவுன்சிலருங்க இருக்காங்க. டைப் பண்ணாலே போதும். பேர்கூட சொல்ல வேணாம்."

"எங்கிட்ட சொல்லேம்மா."

"உங்கிட்ட சொன்னா சபைக்கே தெரியும்."

பீரோவைத் திறந்தேன். "நீ பாக்கக் கூடாது" என்றாள். சரி என்று வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவருக்கு என் மகள் தன் மனதை எழுதிக்கொண்டிருந்தாள். கர்த்தர் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளும் அதே படி. சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னாப்பா, வாட்ச்மேன் கணக்கா குந்திகினு கீற? விசில் வாங்கியாரவா?" உள்ளேயிருந்து லேசாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை வாரங்களுக்குப் பிறகு!

மூன்றாவது நாள் பெரியவள் வெளியே வந்து போனை என் முன்னால் நீட்டினாள். மேலே கையால் மறைத்துக்கொண்டு கடைசி இரண்டு மெசேஜை மட்டும் காட்டினாள். கவுன்சிலர் எழுதியிருந்தார்: "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவதாகச் சொன்னீர்கள். உங்கள் பாதுகாப்புக்காக இது வீட்டில் ஒரு பெரியவருக்குத் தெரிய வேண்டும். யாரிடம் சொல்லலாம்?" கீழே என் மகளின் பதில்: "அப்பாகிட்ட. ஆனா அவர் யாருக்கும் சொல்லக் கூடாது."

இவ்வளவு தூரம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவள் "அப்பாகிட்ட" என்றுதான் எழுதியிருந்தாள்.

"அன்னிக்கு அப்பா செஞ்சது தப்பு. மன்னிச்சுடும்மா. யாருக்கும் சொல்லமாட்டேன்."

"அம்மாக்கு மட்டும் நானே சொல்றேன்" என்றாள்.

அன்று முழுவதும் அவளைத் தனியாக விடவில்லை. மறுநாள் லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கேயும் கொஞ்ச நேரம் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். மாத்திரை கொடுத்தார்கள். வாராவாரம் போனோம். அரையாண்டுப் பரீட்சையை அவள் எழுதினாள். இன்றும் சில நாள் சுவரைப் பார்த்துப் படுப்பாள். ஆனால் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவளோடு சண்டை போடுகிறாள். ஸ்தோத்திரம்.

பிள்ளைகளே, வாயால் சொல்ல முடியாததைக் கர்த்தரிடம் அழுதே சொல்லலாம். அவர் உங்களுக்காக ஒரு மனுஷரையும் வைத்திருப்பார். டீச்சரோ, டாக்டரோ, எழுத்தில் மட்டும் வருகிறவரோ, யாராக இருந்தாலும் அவரிடமும் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. அப்பா அம்மாக்களே, பிள்ளைக்காக ஜெபியுங்கள். அவர்கள் பெயரைக் கர்த்தரிடம் மட்டும் சொன்னால் போதும். நம்பிக் கேளுங்கள், கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை இரண்டு பேரும் ட்யூஷன் போயிருந்தார்கள். சட்டை தேய்க்க வேண்டும், இஸ்திரிப்பெட்டி அவர்கள் அறையில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். இரண்டு முறை தட்டினேன். கொஞ்சம் நின்றேன். பிறகுதான் திறந்தேன்.