கல்யாணப் பட்டில் ஒரு திராட்சைக் கொத்து

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாவித்ரி எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கி அல்வாலில் இருந்த தன் வீட்டின் முன்னறையில் வைத்தாள். பூப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அது வெறும் போட்டோ. மெஷினுக்குக் கண்ணா இருக்கு?" என்று சிரித்தாள் மகள் நித்யஸ்ரீ. "ஊசி எங்க இறங்கணும்னு சொல்ற ஃபைல் வேணும்."

பூவை அறியாமலே பூவைத் தைக்கும் பொருள் அது என்பது சாவித்ரிக்குக் கொஞ்சம் அச்சமூட்டியது. ஆனாலும் பழகினாள். தலையணை உறைகள் ஒழுங்காக வந்தன.

அப்போதுதான் மெட்டுகுடாவிலிருந்து ஆண்டனி வந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா, சாவித்ரியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள். போன வருஷம் இறந்துபோனாள். அவளுடைய சந்தன நிறக் கல்யாணப் பட்டுப் புடவையைப் பலிபீடத்தில் விரிக்கும் துணியாக்கி, அவளுடைய முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குக் கோயிலில் கொடுக்க வேண்டும். மூலையில் ஒரு திராட்சைக் கொத்து வேண்டும் என்றார்.

"கடையில குடுக்க மனசு வரல டீச்சர். ஒரு நூலளவுகூட வெட்டிராதீங்க, என்ன?"

கிடைத்த ஃபைலில் இருந்த கொத்து, மெஷினில் துணியைப் பூட்டும் பிரேமைவிடப் பெரியது. கணினியில் அதைப் பாதியாகச் சுருக்கினாள். பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்தாள், நன்றாகவே விழுந்தது. அந்த நம்பிக்கையில் பட்டைப் பூட்டினாள்.

பாதிக் கொத்திலேயே ஊசியின் ஓசை கனத்தது. நிறுத்திப் பார்த்தபோது பட்டு சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. படம்தான் சுருங்கியதே தவிர, தையல்கள் குறையவில்லை. அத்தனை குத்துகளும் பாதி இடத்தில் நெருக்கியடித்து இறங்கியிருந்தன. தடித்த விரிப்பு அதைத் தாங்கியிருக்கிறது. நூலைப் பிரித்தாள், துளைகள் அப்படியே நின்றன.

"மேல லேஸ் வச்சு மூடிடலாம்மா. அங்கிளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் சாவித்ரி. போன் செய்து அவரை வரச் சொன்னாள்.

ஆண்டனி அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த அளவுக்குன்னே செஞ்ச ஃபைல் வாங்கியிருக்கேன் அண்ணா. ஆனா மொதல்ல இதே பட்டுலதான் தச்சுப் பாக்கணும். வேற துணிய நம்பித்தான் மோசம் போனேன்." அவள் குரல் தாழ்ந்தது. "கெட்டுப்போன மூலைய வெட்டிக்க நீங்க சம்மதிக்கணும். இல்லேன்னா, அப்படியே எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஒத்திகை இல்லாம எந்தப் பிள்ளைய மேடையேத்துனீங்கன்னு கேட்டிருப்பா ஸ்டெல்லா," என்றார் ஆண்டனி. அவர் முகத்தில் சிரிப்பில்லை. பிறகு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கித் தானே வெட்டினார். கோணலாகத்தான் வெட்ட வந்தது.

வெட்டிய துண்டில், துளை விழாத பக்கமாக, புதிய கொத்து சுருக்கமில்லாமல் படிந்தது. சாவித்ரி புடவையின் எதிர் மூலையைப் பிரேமில் பூட்டினாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் ஆண்டனி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஓசை அடங்கிய பிறகே உள்ளே வந்து, கொத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"சமமா உக்காந்திருக்கு," என்றார்.

பட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் எனச் சாவித்ரி காத்திருக்கவில்லை.