பர்பேங்க் ஏறிய மாத்திரை வேன்

எங்கள் ஊர் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடி. பாலத்தைத் தாண்டினால் கனடா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஜெனிவா மிஷோ, பழைய வேன் ஒன்றில் ஊர்ப் பெரிசுகளை ஏற்றிக்கொண்டு மாதாமாதம் அக்கரைக்குப் போவாள். இங்கே விற்கிற அதே மாத்திரை அங்கே பாதி விலைகூட இல்லை.

அந்த மருந்தை இங்கேயே தருவித்து விற்கச் சட்டம் போடலாமா என்று ஊர்க்கூட்டம் நடந்தது. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் லயல் பர்பேங்க் எழுந்து, "அதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? உசுருக்கே ஆபத்து!" என்று முழங்கினார்.

"என் வேன்ல வந்தவங்கள்ல செத்தது ஆர்வில் ஒருத்தன்தான்," என்றாள் ஜெனிவா. "அவனும் கூரையில பனி தள்ளப் போய் விழுந்து செத்தான். அதுக்கும் கனடாவா பொறுப்பு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த பயணத்தன்று, கறுப்புக் கண்ணாடியோடு பர்பேங்க் வேனருகே நின்றார். "அம்மாவுக்கு இதய மாத்திரை..." என்று இழுத்தார்.

"ஐயய்யோ, உசுருக்கு ஆபத்தாச்சே!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். ஜெனிவா கதவைத் திறந்துவிட்டாள். பர்பேங்க் மாத்திரை வாங்கிவந்தார். மறுவாரமே சட்டமன்றத்தில் அந்த மருந்து மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்.

அடுத்த மாதமும் கூசாமல் வந்து நின்றார். ஜெனிவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு இடமில்ல. டாக்டர் சீட்டைக் குடுத்துட்டுப் போங்க, நானே வாங்கிட்டு வரேன். உங்களப் பெத்ததத் தவிர அந்தம்மா என்ன பாவம் பண்ணாங்க?"