ஊசித் திருகும் கேட்காத குரலும்

அச்சகக்காரரை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அதற்கு அவர் இடம் கொடுத்ததும் இல்லை. வாலிபம் முழுவதையும் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் கழித்தவர். மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையை அவர் செய்த பொம்மை விமானம் பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கை, பசை டப்பா, உப்புத்தாள் என்று தட்டு வைக்க இடமில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அதை இருமுறை பறக்கவிட்டார். இருமுறையும் மூக்கைத் தூக்கி ஏறும்போதே இன்ஜின் நின்று, விமானம் மண்ணைக் கவ்வியது.

"இன்னொரு தடவை விழுந்துச்சுன்னா மேசை எனக்கு, இன்ஜின் என் தம்பிக்கு" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தம்பிக்குப் பொம்மைப் படகு விடும் பித்து.

ஞாயிறு காலை அவன் அக்காளோடும் காலிப் பெட்டியோடும் மைதானத்துக்கு வந்தான்.

"இன்ஜினை அள்ளிட்டுப் போகத்தான், மாமா."

"வாயைக் கழுவு, மாப்ளே. வாலைப் பிடி."

மச்சினன் வாலைப் பிடித்தான். இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அச்சகக்காரர் சுழலும் விசிறிக்குப் பின்னால் குந்தி, கார்புரேட்டரின் ஊசித் திருகில் விரலை வைத்தார். திருகைத் திறந்தால் எரிபொருள் கூடி இன்ஜின் கொழகொழவென்று பேசும். மூடிக்கொண்டே போனால் குரல் கூர்மையாகும். உச்சியைத் தொட்டதும் கொஞ்சம் திரும்பத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஏறும்போது அதற்குப் பட்டினிதான்.

அவர் மூடினார். மேலும் மூடினார்.

"போதும், விடுங்க! எப்பவோ உச்சிக்குப் போயிடுச்சு!" என்றாள் மனைவி.

"எங்கே போச்சு? எனக்குக் காது இல்லையா?"

"காலிங் பெல் அடிச்சா யாரு போய்த் திறக்கிறா? போன் அடிச்சா யாரு எடுக்கிறா?"

மச்சினன் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டான். "மாமா, நெசமாவே காதைக் குத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் மங்கினால் மனிதன் தன் கண்ணைக் குறை சொல்கிறான். காது மங்கினால் அடுத்தவன் வாயைக் குறை சொல்கிறான். வராத ஒரு கூர்மையான குரலுக்காக அவர் இத்தனை நாளும் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். அது வந்துதான் இருந்தது. அவரிடம் மட்டும் வரவில்லை.

சட்டென்று திருகை நன்றாகத் திறந்துவிட்டார். இன்ஜின் மறுபடி கொழகொழத்தது.

"சரி. நீ கேளு, நான் திருகுறேன்."

மனைவி அவர் தோளில் கை வைத்துக் குனிந்தாள். "ஏறுது... ஏறுது... இன்னும்... நில்லுங்க!" தோளில் பளீரென்று ஓர் அடி. அவர் திருகை இரண்டு 'டிக்' திரும்பத் திறந்தார். காது கைவிட்டாலும் விரல் கைவிடவில்லை.

"மூக்கைத் தூக்கு, மாப்ளே!"

மச்சினன் கையில் விமானம் வானத்தைப் பார்த்து நின்றது. குரல் இறங்கவில்லை.

"மங்கலைங்க! இன்னும் ஜோரா கூவுது!" அந்த இன்ஜினைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

தரையில் வைத்துக் கையை விட்டதும் விமானம் புல்லை உரசி ஓடி எழும்பியது. இருமுறையும் இன்ஜின் நின்ற இடம் வேலி மரங்களுக்கு மேலே. மூவருக்கும் மூச்சு நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. மரம் கீழே போயிற்று, விமானம் மேலே போயிற்று.

"போகுது! அக்கா, போகுது!" மச்சினன் காலிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.

ரிமோட்டைப் பிடித்தபடி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "என்ன சொல்லுது?"

"பசிக்கலையாம்!"

"அப்போ மேசை?"

"நீங்களே வெச்சுக்குங்க. நின்னு சாப்பிட்டுப் பழகியாச்சு. ஆனா நாளைக்குக் காது டாக்டர்கிட்ட வரணும்."

"என்னது?"

"காது டாக்டர்!" இன்ஜினை மிஞ்சிக் கத்தினாள்.

"என்னது?" என்றார் மறுபடியும். அந்த இரண்டாவது 'என்னது' காதின் குறையல்ல என்பது என் துணிபு.