கிடைக்காது என்று சொல்வது சுலபம்

போன செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக் கிடங்குகள் பக்கமாக நடந்து வந்தபோது ஓர் உடைந்த பெட்டிப் பலகையை மிதித்துவிட்டேன். பலகையில் ஆணி. ஆணியில் துரு. செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். அங்கே இருந்த கூட்டத்தைப் பார்த்தால் அன்றைக்கு வடசென்னையில் எல்லோருமே ஆணியை மிதித்திருப்பார்கள் போலிருந்தது.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டவர் டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ் பெண். டிஞ்சர் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொம்மா இருங்க சார்... கொயந்த மாதிரி!" என்று அதட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். அவளும் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"சார்! நீங்களா? என்னெ தெரியலியா? பிலோமினா சார். கிரேன் டிரைவர் சூசை பொண்ணு. நாலு வருசம் முன்னாடி மார்க்கு ஷீட்ட எடுத்துகினு உங்க வூட்டுக்கு வந்தோமே!"

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனாலும் "அப்படியா?" என்று கேட்டு வைத்தேன்.

"நீங்க சொன்னதுதான் சார் கரீட்டு. மெடிக்கல் காலேஜுக்குப் போட்டுட்டு, கெடைக்காம, தெருவே சிரிச்சிருக்கும். நைனா இன்னிக்கும் உங்களப் பத்திதான் சொல்லிகினு கீறாரு. ரொம்ப டேங்க்ஸு சார்."

ஊசியும் போட்டாள். அது வலித்ததாகவே நினைவில்லை. அந்த டேங்க்ஸ்தான் வலித்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் ஊரார் செய்யும் கோமாளித்தனத்தையெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்க வைக்கிறவன், என் காரியத்தை மட்டும் மூடி மறைத்தால் நியாயமா?

பகலில் எனக்குக் கப்பல் ஏஜெண்டு கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஒரு காலேஜ் ஆபீஸில் அப்ளிகேஷன்களை நம்பர் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கினேன், அவ்வளவுதான். யாருக்கு இடம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் ராயபுரத்தில் அது போதும். "சார் காலேஜ் ஆபீஸ்ல இருந்தவரு, பத்திரிகைல வேற எய்துறாரு" என்று பேர் வந்துவிட்டது. இன்டர்மீடியட் ரிசல்ட் வந்தால் என் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறையே உண்டாகிவிட்டது. அப்பா முதலில் அப்ளிகேஷன் ஃபாரத்தை வாங்கி வருவார். ஆனால் அதில் ஒரு எழுத்துகூட எழுதமாட்டார்கள். வெற்று ஃபாரமும் மார்க் ஷீட்டுமாக என்னிடம் வருவார்கள். நான் பார்த்து, "போடலாம்" என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் திறப்பார்கள். "வேண்டாம்" என்றால் ஃபாரம் அப்படியே மடித்து வைக்கப்படும்.

நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மார்க்குகளை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்ப்பேன். இன்ஜினியரிங் காலேஜுக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ என்றால் முடிவில் பெரும்பாலும் ஒரே பதில்தான் — "கஷ்டம்."

என் சூட்சுமத்தை இன்றைக்கு உடைத்துவிடுகிறேன். ஆயிரம் பேர் கேட்டு ஐம்பது பேருக்குக் கொடுக்கிற இடத்தில், எல்லோரையும் பார்த்துக் "கிடைக்காது" என்று சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலும் பலிக்கும்! ஐம்பது தடவை பொய்த்தாலும் அந்த ஐம்பது பேரும் சந்தோஷத்தில் வந்து சண்டை போடமாட்டார்கள். அதைவிட, நான் சொன்னதைக் கேட்டு ஒருவன் அப்ளிகேஷனே போடாமல் இருந்துவிட்டால்? அவனுக்கு நிச்சயமாகக் கிடைக்காது. என் வாக்கு நூற்றுக்கு நூறு பலித்துவிடும். இப்படித்தான் பதினோரு வருஷம் நான் பெரிய மனிதனாக இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் சூசை வந்தார், கிரேன் வேலையின் கிரீஸ் நகக்கண்ணில் இருக்க, சட்டையை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு. பின்னால் பிலோமினா. கையில் ஃபாரம்.

மார்க் ஷீட்டைப் பார்த்ததும் வழக்கமான "கஷ்டம்" எனக்கு வரவில்லை. பௌதிகம், ரசாயனம், இயற்கை விஞ்ஞானம்... மூன்றிலும் அப்படிப்பட்ட மார்க்கை நான் என் மேஜையில் அதுவரை பார்த்ததில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் காலேஜில் அந்த வருஷம் அவள்தான் முதல் என்று சூசை சொன்னார். சொல்லிவிட்டு, தானே அதிகம் சொல்லிவிட்டதைப்போல் கூச்சப்பட்டார்.

மார்க்கில் குறை சொல்ல முடியவில்லை. விடுவேனா? "இன்டர்வியூ ஒன்று இருக்கிறதே" என்றேன். நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். ஏன் டாக்டர் ஆகவேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். இங்கிலீஷிலேயே சொன்னாள். கொஞ்சம் மனப்பாட வாடை, ஆனால் பிழையில்லை. பிறகு, "உங்கள் தெருவில் காலரா வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

இங்கிலீஷில்தான் தொடங்கினாள். இரண்டு வாக்கியம். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வந்துச்சே சார், எங்க தெருவுல! தண்ணிய கொதிக்கவெச்சி குடிங்கோன்னு வூடு வூடா போயி கத்துனேன். ஒருத்தரும் கேக்கல. வெறகு ஏதுன்னு கேட்டாங்கோ. அப்பறம் இன்னா பண்றது... எங்க வூட்லயே கொதிக்கவெச்சி, ஆறவெச்சி, கொடம் கொடமா நானே தூக்கிகினு போயி ஊத்துனேன். எங்க வரிசைல பதினாலு வூடு. ஒரு சாவுகூட வியல சார்!"

இன்றைக்கு இதை எழுதும்போது உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? பதினாலு வீடு என் காதில் விழவில்லை. "இன்னா" விழுந்தது. "தூக்கிகினு" விழுந்தது. உள்ளுக்குள் சிரித்தேன்.

"மார்க் பரவாயில்லை சூசை" என்றேன். பரவாயில்லையாம்! "ஆனால் அங்கே பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு, பழக்கம், குடும்பம், எல்லாம் பார்ப்பார்கள். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு..."

"போட வேணாம்ன்றீங்களா சார்?"

"போட்டால் ஏமாற்றம்தான். நர்ஸ் டிரெயினிங் சுலபமாகக் கிடைக்கும்."

பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் போதும், போட்டிருப்பாள். அவர் எப்படிச் சொல்வார்? படித்தவன் நானல்லவா?

"ஆசை காட்டி அப்பறம் இல்லன்னா பாப்பா பேஜாராயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் சூசை. எழுந்து, ஃபாரத்தை என் மேஜையில் வைத்தார். "ஒரு நாள் லீவு போட்டு, க்யூவுல நின்னு வாங்குனது சார். சொம்மா கெடக்க வேணாம். ஆருக்குனா ஒதவும், நீங்களே வெச்சிக்கோங்கோ."

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு தவறு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். முடியவில்லை.

அன்று காலைத் தபாலில் தஞ்சாவூரிலிருந்து என் மைத்துனர் எழுதிய கடிதம் வந்திருந்தது. அவர் மகள் விஜயாவும் அதே மெடிக்கல் காலேஜுக்குப் போட ஆசைப்படுகிறாள், கடைசித் தேதி நெருங்கிவிட்டது, எப்படியாவது ஒரு ஃபாரம் சம்பாதித்துப் பூர்த்தி செய்து போட முடியுமா என்று, அவள் மார்க்குகளையும் எழுதிக் கேட்டிருந்தார். சூசையின் மகளிடம் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் என் மேஜைமேலேயே இருந்தது.

அதனால்தான் வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை என்றுதான் நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கு அதை இந்தக் காகிதத்தில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன்.

விஜயாவுக்காக அந்த ஃபாரத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். மார்க்கையும் நான்தான் எழுதினேன். மூன்று பாடத்திலும் பிலோமினாவுக்குக் குறைவு. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது அந்தக் கிரேன்காரர் கொண்டுவந்த ஃபாரம்தானே?"

"ஆமாம்."

"அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்னு சொன்னேள். இவளுக்கு மட்டும்?"

"விஜயா நன்றாகப் பேசுவாள்" என்றேன். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இன்டர்வியூ முடிந்து வெளியே வந்த விஜயாவை, என்ன கேட்டார்கள் என்று ஆவலோடு விசாரித்தேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று கேட்டார்களாம். தஞ்சாவூர்ப் பெண்ணாயிற்றே, கடலைப் பார்த்திருக்கிறாயா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டாராம். அவ்வளவுதான். இவள் அப்பாவின் வேலையைச் சொல்லி, ஒரு தடவை "யெஸ் சார்", ஒரு தடவை "நோ சார்" சொல்லியிருக்கிறாள். இந்த நாலு வார்த்தை பேசத்தான் பிலோமினாவின் பேச்சு போதாது என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்!

விஜயாவுக்கு இடம் கிடைத்தது. வீட்டில் பாயசம். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். விஜயா மேல் தப்பில்லை, கெட்டிக்காரப் பெண். நன்றாகவே படிக்கிறாள். பிலோமினா போட்டிருந்தால் கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் என் குற்றம்.

வியாழக்கிழமை கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ராயபுரத்தில் வேறு டாக்டரே இல்லையா, அங்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு! கடைசியில் தண்டையார்பேட்டைக்கே போய், அவள் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம், ஃபாரம், விஜயா, மார்க், ஒன்றையும் விடவில்லை.

பிலோமினா கட்டை முழுதும் பிரித்துப் போட்டாள். பிறகு பஞ்சை எடுத்துக் காயத்தைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் துடைத்தாள்.

"நான் பேசுற பேச்சுக்காகவா சார் வேணாம்ன்னீங்கோ?"

"ஆமாம்."

"இங்க தெனம் நூறு பேரு வர்றாங்கோ. வயித்து வலின்னு வர்றவன் இன்னா இங்கிலீஷ்லயா சார் கத்துறான்?"

"உனக்கு இன்னும் வயது இருக்கிறது. இந்த வருஷம் போடலாம். க்யூவில் நானே நின்று ஃபாரம் வாங்கி வருகிறேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே புரிந்தது.

"வேணாம் சார். ஒரு தபா நீங்க பாத்தது போதும்." அவள் குரல் உயரவேயில்லை. "நைனாகிட்ட இத்த நான் சொல்லமாட்டேன். உங்கள சாமி கணக்கா நெனச்சிகினு கீது அது. நீங்களே வந்து சொல்லுங்கோ. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வூட்லதான் இருக்கும்."

வருகிறேன் என்றேன். போகத்தான் போகிறேன். பத்தியில் எழுதுவது சுலபம், சூசையின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம்.

முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இந்த வருசம் போடத்தான் போறேன் சார்" என்றாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால்.

கிடைக்குமா என்று மட்டும் அவள் என்னிடம் கேட்கவில்லை.